இணைச்சீருக்கு மாற்று ஆள்

வெளிநாட்டில், டாலின் நகரத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்தின் காலைக் கூட்டம் நின்றுகொண்டேதான் நடக்கும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஆறு பேரும் காலுறையோடு வட்டமாக நிற்போம். உட்கார்ந்தால் பேச்சு நீண்டுவிடுமாம். வந்தவர்களிடம் தண்ணீர்ச் சொம்பை நீட்டும் முன்பே "நின்னுட்டே பேசறீங்களே, உக்காருங்க" என்று சொல்லும் மல்லசமுத்திரத்துக்காரி நான். மூன்று வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. நேற்று என்ன எழுதினோம், இன்று என்ன எழுதப்போகிறோம் என்று ஆளுக்கு ஒரு நிமிடம் பேசுவோம். அந்தக் கூட்டத்தில்தான் ஒரு நாள் வசமாக மாட்டிக்கொண்டேன்.

படகுத் துறைகளில் இடம் பிடித்துத் தரும் செயலி எங்களுடையது. இன்னும் லாபத்தைக் கண்ணால் பார்க்காத சின்ன ஸ்டார்ட்அப். அதில் பணம் செலுத்தும் பகுதி முழுவதும் நான் தனியாளாக எழுதியது. அன்று நிறுவனர் காத்ரி, "செயலியின் வெளியீடு ஒரு மாதம் தள்ளிப்போகிறது. வெளியிடும் வாரம் எல்லோரும் இருப்பீர்கள்தானே?" என்று கேட்டார். என் அண்ணன் கல்யாணமும் அதே வாரம்தான். எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் "இருப்பேன்" என்றேன். அன்று சாயங்காலமே அண்ணன் போனில், "வந்துருவீல்ல சாமி?" என்று செல்லமாகக் கேட்டார். "வந்தர்றேனுங்ணா" என்றேன். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. தலையாட்டிவிட்டு அப்புறம் தவிப்போம். மூன்று வாரம் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலாக அப்படித்தான் தவித்தேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் இணைச்சீர் நடக்கும். மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் பட்டுடுத்தி அவன் பக்கத்தில் நிற்பாள். மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கக்கத்தில் இருக்கும், மறுமுனை அவள் கையில். மனைவி வந்தாலும் கூடப் பிறந்தவளுக்கு உள்ள பாத்தியதை போகாது என்று ஊரறியச் சொல்லும் சீர் அது. கூடப் பிறந்தவள் இல்லையென்றால் பெரியப்பா மகளோ சித்தப்பா மகளோ நிற்கலாம். என் அண்ணனுக்குக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான்.

ஒருவழியாகக் காத்ரியிடம் கல்யாணத்தையும் இந்தச் சீரையும் பற்றிச் சொன்னேன்.

"சேலையை எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும்?" என்று கேட்டார்.

"அரை மணி நேரம்."

"வேறு யாரும் பிடிக்கக் கூடாதா?"

"பெரியப்பா மகள் கவிதா பிடிக்கலாம்."

காத்ரியின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியானால் பேக்கப் இருக்கிறதே!"

நல்ல மனசோடுதான் சொன்னார். அவர் சொன்னது சரிதான். ஊரில் என் இடத்தில் நிற்க பெரியப்பா, சித்தப்பா மகள்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். இந்த ஆறு பேர் கம்பெனியில்தான் என் இடத்துக்கு ஆள் இல்லை. அது தலைகீழாக இருக்கக் கூடாதா என்று இருந்தது.

அண்ணனைக் கூப்பிட்டு, அந்த வாரம் வேலை இருப்பதைச் சொன்னேன். "அதுக்கென்ன சாமி, கவிதா நிக்கட்டும். நீ உம்பட பொழப்பப் பாரு" என்றார். குரலில் துளிக் கோபம் இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன்.

மூன்று வருடத்துக்கு முன் இந்த வேலைக்கான நேர்காணல் ஊரிலிருந்தே கணினியில் நடந்தது, அன்று வீட்டில் கரண்ட் இல்லை. அண்ணன் வேலை பார்த்த கோழிப்பண்ணையில் ஜெனரேட்டர் இருந்தது. முதலாளியிடம் கேட்டு, தீவன மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்தார். திரையில் வந்த காத்ரி, "அது என்ன சத்தம்?" என்றார். "கோழிகள்" என்றேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அந்த ஒரு மணி நேரமும் ஜெனரேட்டர் நின்றுவிடக் கூடாதே என்று அண்ணன் அதன் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை. அவருக்கு அன்று மாற்று ஆள் தேடத் தோன்றவில்லை.

அண்ணனிடம் பேசிய மறுநாள் காலை காத்ரியிடம், "நான் ஊருக்குப் போகிறேன், அந்த வாரம் இருக்க முடியாது" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் நேருக்கு நேர் முடியாது என்று சொன்னேன். அவர், "சரி. ஆனால் உன் பகுதியை இனி மார்ட் பார்த்துக்கொள்வான். திரும்பி வந்தபின் மாற்ற முடியாது" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. ஒரு பகுதிக்கு இரண்டு பேரை வைத்துக்கொள்ளும் வசதி எங்கள் கம்பெனிக்கு இல்லை. இரண்டு வருடம் எழுதியதை, எங்கள் ஆறு பேரில் ஒருவனான மார்ட்டுக்கு இரண்டு வாரத்தில் சொல்லிக்கொடுத்தேன். கம்பெனி வளர்ந்ததும் அந்தப் பகுதிக்குத் தலைமை எனக்கு என்று பேசி வைத்திருந்ததும் அதோடு போயிற்று. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

திருச்செங்கோட்டு மண்டபத்தில் பட்டுடுத்தி அண்ணன் பக்கத்தில் நின்றேன். இந்நேரம் அங்கே மார்ட் என் பகுதியைத் திறந்திருப்பான் என்ற நினைப்பு வரத்தான் செய்தது. சேலையின் ஒரு முனையை அண்ணன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார், மறுமுனை என் கையில் இருந்தது. வாழ்த்துப் பாடுகிற சத்தத்துக்கு நடுவே, முகத்தைத் திருப்பாமல், "எப்பச் சாமி கெளம்பறே?" என்றார்.

"நாளைக்குப் பந்தி முடிஞ்சதுமுங்ணா."

வாழ்த்து முடிந்தது. சீரை நடத்தி வைக்கும் அருமைக்காரர், பெண்ணுக்குக் கொடுக்கச் சேலையை வாங்க வந்தார். நான் என் முனையைக் கொடுத்துவிட்டேன்.

"சேலைய உட்ருங்க மாப்ள" என்று அவர் அண்ணனிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.