தைரியராஜின் மூக்கு

டீ கிளாஸை மூக்குக்கு அருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்த பிறகுதான் தைரியராஜ் வாயில் வைப்பார். பதினெட்டு வருஷமாக அதே கடை, அதே மாஸ்டர், அதே டீ. இருந்தாலும் அந்த இழுப்பு தப்பாது. "இன்னைக்குப் பால் என்னமோ மாதிரி இருக்கு. எதுக்கும் பாத்துக்குங்க" என்பார். மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். தைரியராஜும் முழு கிளாஸையும் குடித்துவிட்டுத்தான் கீழே வைப்பார்.

ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வாசலில் அவருடைய ஆட்டோ எப்போதும் மூன்றாவதாகவே நிற்கும். முதலில் நின்றால் போலீஸ் கண்ணில் படுமாம், கடைசியில் நின்றால் சவாரி போய்விடுமாம். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், அதை ஒரு மருந்துக் கடையில் வாங்கி, அடுத்த கடையில் காட்டி, "இது அதுதானாங்க?" என்று கேட்பார். இந்த மனுஷனுக்குப் போய் தைரியராஜ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், என்னத்தைச் சொல்ல!

வீடு பாலக்கரையில். மனைவி பாக்கியமேரி, ஒரே மகள் ஜெர்லின். ஜெர்லின் நாலாம் வகுப்பு. பேச்சில் வெளுத்து வாங்குவாள். ஒரு தடவை போன தெருவை மறக்க மாட்டாள், அப்பாவுக்கே வழி சொல்வாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்கிறது என்பாள். தன் பெயரையே இன்னும் சரியாக எழுத வரவில்லை. முதலில் 'ஜ'வைப் போட்டுவிட்டு, அதற்குப் பின்னால் கொம்பைப் போடுவாள். தைரியராஜ் எத்தனையோ முறை அழித்து எழுதச் சொல்லியிருக்கிறார்.

"வாயில மொதல்ல 'ஜ'தானப்பா வருது? 'எ' அப்புறந்தான வருது? அப்ப கொம்ப மட்டும் ஏன் முன்னாடி போடணும்? ஏமாத்து வேலையா இருக்கு" என்று ஒருநாள் கேட்டாள். யோசித்துப் பார்த்தால் அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தமிழ் எழுத்தையே சந்தேகப்படுகிற பிள்ளை தன் பிள்ளைதான் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

பள்ளிக்கு வாரம் ஒருமுறை வரும் சிறப்பாசிரியை ஆனந்தவள்ளி ஒளிக்காமல் சொன்னார்: "புத்தியில ஒரு குறையும் இல்லீங்க. எழுத்துதான் பிடிபடல. இது சாப்பாட்டால வந்ததில்ல, சாப்பாட்டால போறதும் இல்ல. தினம் அரை மணி பக்கத்துல உக்காந்து, மணல்ல எழுதவச்சு, பொறுமையாச் சொல்லிக் குடுக்கணும். வருஷக்கணக்கா ஆகும்." இவ்வளவு பெரிய கஷ்டத்துக்கு இவ்வளவு சாதாரணமான வழியா! தைரியராஜுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாள் பாக்கியமேரியிடம் துளிர்மதி உணவுச் சிகிச்சை மையத்தைப் பற்றிச் சொன்னாள். ஸ்ரீரங்கத்தில்தான் இருக்கிறது. தைரியராஜுக்கும் தெரிந்த இடம்தான். லால்குடியிலிருந்தும் தொட்டியத்திலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரயிலிலும் பஸ்ஸிலும் வருகிறவர்களை அவரே ஏற்றிப் போய் இறக்கியிருக்கிறார். அடுத்த மாதமும் அதே பிள்ளைகள், அடுத்த மாதமும் அதே பிள்ளைகள். "சரியாப் போச்சுன்னா ஏன்டி திரும்பத் திரும்ப வர்றாங்க?" என்று கேட்டார். "சரியாகுறதாலதான் வர்றாங்க" என்றாள் பாக்கியமேரி. மறுநாளே இருவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார்.

மையத்தை நடத்துகிற சித்தார்த்தன் டாக்டர் இல்லை. பலகையில் அவர் பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்துகள் மட்டும் நீளமாக நின்றன. பால் கூடாது, கோதுமை கூடாது, சீனி கூடாது, கலர் போட்ட எதுவும் கூடாது. காலையும் மாலையும் பவுடர். தைரியராஜ் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். வெந்தயமும் வல்லாரையும் மட்டும்தான் பிடிபட்டது. ஒரு வாரம் தானே குடித்துப் பார்த்துவிட்டு, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றான பிறகே மகளுக்குக் கொடுக்க விட்டார்.

இரண்டு மாதம் போயும் கொம்பு பின்னாலேயே நின்றது. போய்க் கேட்டார்கள். சித்தார்த்தன் சிரித்த முகமாகவே சொன்னார்: "பவுடர் வேலை செய்யுதுங்க. பாப்பா உங்களுக்குத் தெரியாம வெளியில எதையோ சாப்பிடுது. கொஞ்சம் கவனிங்க."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தைரியராஜ் நம்பியிருக்க மாட்டார். இதை நம்பிவிட்டார். சந்தேகப்படு என்று ஒருவர் சொன்னால் அவரால் எப்படி நம்பாமல் இருக்க முடியும்?

அன்றிலிருந்து தினம் நாலு மணிக்குப் பள்ளி வாசலில் சோதனை. ஜெர்லின் ஆட்டோவில் ஏறியதும் இரண்டு கையையும் நீட்ட வேண்டும். அப்பா மோந்து பார்ப்பார். பிறகு "ஆ" காட்ட வேண்டும். டிபன் பாக்ஸின் மூடிக்குள்ளும் ஒரு இழுப்பு. பிள்ளை இளைத்துக்கொண்டே போனாள். பவுடர் உடம்பைச் சுத்தம் பண்ணுகிறது என்றார் சித்தார்த்தன்.

ஒரு வெள்ளிக்கிழமை கையில் வெண்ணிலா வாசனை அடித்தது. தைரியராஜ் தலையை நிமிர்த்தினார். அதற்குள் பிள்ளைக்கு உதடு கோணிக்கொண்டது.

"ஜோஸ்பினுக்குப் பொறந்தநாளுப்பா. பன்னு குடுத்தா. ஒரு வாய்தான் தின்னேன். அதனாலதான்ப்பா இன்னைக்கு டெஸ்ட்டுல எழுத்தே வரல. எல்லாம் என்னாலதான். இனிமே தின்ன மாட்டேன்ப்பா, அடிக்காத."

அவர் ஒருநாளும் அவளை அடித்ததில்லை. "நான் எப்படி கண்ணு..." என்று தொடங்கியவர், பிடித்திருந்த கையை விட்டுவிட்டார். உலகத்தில் இருக்கிற ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டு, கடைசியில் பெற்ற பிள்ளையின் கையை மோந்து பார்க்கிற அளவுக்கு வந்து நிற்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணவே அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

அடுத்த வாரம் மையத்தில் முடிப் பரிசோதனை என்றார்கள். பிடரியிலிருந்து ஒரு சிட்டிகை முடியை வெட்டிக் கவரில் போட்டுத் தரவேண்டும், வெளியூர் லேபுக்கு அனுப்பி என்ன குறை என்று கண்டுபிடிப்பார்களாம். தைரியராஜ் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நேராக பாலு வீட்டுக்குப் போனார். பாலு அதே ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிறவர். வீட்டில் ஒரு மாடும் கறுப்புக் கன்றுக்குட்டியும் உண்டு. கன்றின் பிடரியில் ஒரு சிட்டிகை வெட்டி, கவரில் போட்டு ஒட்டி, மேலே 'ஜெர்லின், வயது 9' என்று எழுதினார். கொம்பை ஒழுங்காக முன்னாலேயே போட்டார்.

இரண்டு வாரத்தில் நாலு பக்க ரிப்போர்ட் வந்தது. ஸ்டாண்டில் வைத்து பாலு உரக்கப் படித்தார்: "எழுத்துகளைப் பிரித்தறிவதில் கடும் சிரமம். கணக்கில் ஆர்வமின்மை. பால் அறவே ஒத்துக்கொள்ளாது." படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "அட கொடுமையே! கன்னுக்குட்டிக்குப் பால் ஆகாதாமேய்யா!"

தைரியராஜ் மையத்துக்குப் போய், அது யார் முடி என்பதைச் சொன்னார். சித்தார்த்தன் அசரவே இல்லை. "முடிய மாத்திக் குடுத்தா ரிப்போர்ட்டும் மாறித்தாங்க வரும்" என்று அடுத்தவரைக் கூப்பிட்டார். வெளியே பெஞ்சில் பிள்ளைகளோடு ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "கன்னுக்குட்டி முடிங்க" என்று அவர்களிடமும் சொன்னார். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. ஒரு அம்மா பிள்ளையை இன்னும் நெருக்கமாக இழுத்து உட்காரவைத்துக்கொண்டார்.

பாக்கியமேரி கன்றுக்குட்டி விஷயத்தைக் கேட்டுவிட்டு, ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தாள். "மூணு மாசமா எம்புள்ள பால் கேட்டுக் கேட்டு வாய மூடிக்கிச்சேங்க" என்று உடைந்து அழுதாள். அழுதபடியே பால் காய்ச்சினாள்.

அடுத்த திங்கட்கிழமை நாலு மணி. ஜெர்லின் ஆட்டோவில் ஏறினாள். யாரும் கேட்காமலே இரண்டு கையையும் நீட்டினாள், வாயையும் திறந்து காட்டினாள். தைரியராஜ் அந்தக் கைகளை மெல்ல இறக்கிவிட்டார். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு க்ரீம் பன்னை எடுத்தார், அதில் பாதியைத் தன் வாயில் திணித்துக்கொண்டார். எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, கன்னம் உப்ப, துகள் சிந்த, ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம்போட்டுப் படித்தார்: "இ... ங்... கு... நோ... ட்... டீ... ஸ்... ஒ... ட்... டா... தீ... ர்."

"பாத்தியா? பன்னு தின்னாலும் எழுத்து வருது."

ஜெர்லின் சுவரைப் பார்த்தாள். அப்பாவின் வாயைப் பார்த்தாள். மீதிப் பாதியை வாங்கி, மூக்குக்கு அருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, கடித்தாள்.