மில் நின்றதும் ஒரு கும்பிடு

யுத்தம் முடிந்த சமயம் திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்தது. தெருக்கோடி நெல் மில்லுக்கும் அதே கம்பிதான். மில் ஓடுகிறவரை எங்கள் வீட்டு பல்பு அழுது வடியும். சாயங்காலம் மில் நின்றதும் கரண்டு எகிறி, கண் கூசும்படி எரியும். தெருவே அதை விளக்கு வைக்கும் நேரமாக்கிக்கொண்டது. பல்பு பளிச்சென்றதும் எல்லோரும் எழுந்து நின்று கண்ணை மூடிக் கும்பிடுவோம். சில நாள் கும்பிட்டு முடிப்பதற்குள் பல்பே போய்விடும். அதற்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டோம்.

அப்புறம் என் வீட்டுக்காரர் ரேடியோ வாங்கினார். ஒயர் இழுக்க வந்தவர் படித்துப் படித்துச் சொன்னார்: "மில்லு நின்னா கரண்டு எகிறும்ங்க. பல்பு பளிச்சுனு எரிஞ்சா ஜல்தியா பொட்டிய அணைச்சிடுங்க. இல்லாட்டி உள்ள இருக்கிற வால்வு பூடும்."

"எனக்குத் தெரியாதா?" என்றார் இவர். இவருக்குத் தெரியாதது உலகத்தில் உண்டா? தன்னைத் தவிர யாரும் பெட்டியைத் தொடக்கூடாது என்று சட்டமும் போட்டார்.

விழுப்புரத்தில் இருந்த என் தங்கைக்கு மதராஸ் ரேடியோவில் பாட வாய்ப்பு வந்தது. சாயங்காலம், இரண்டு பாட்டு. அங்கே எங்கள் பிறந்த வீட்டில் ரேடியோ கிடையாது. "அக்கா, நீதான் கேட்டுச் சொல்லணும். ரெண்டாவது பாட்டை நெனச்சாத்தான் பயமா இருக்குது" என்று எழுதியிருந்தாள்.

அன்று எங்கள் கூடத்தில் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது. பாடப்போவது தானே என்கிற மாதிரி இவர் பெட்டிக்குப் பக்கத்தில் விறைப்பாக இருந்தார். முதல் பாட்டு பிசிறில்லாமல் முடிந்தது. இரண்டாவது பாட்டை எடுத்தாள். மில் நின்றது.

பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்தது. அத்தனை பேரும் எழுந்து கும்பிட்டோம். இவர் கண்ணை இறுக மூடி ஏதோ முணுமுணுத்தார். ஒரு கை கூட பெட்டிப் பக்கம் போகவில்லை. என் கையும்தான் கூப்பியபடி இருந்தது. படாரென்று ஒரு சத்தம், கருகல் நாற்றம், புகை.

இவர் கண்ணைத் திறந்து பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உன் தங்கச்சி அவ்ளோ மேல இஸ்த்துக்கினு போனா பொட்டி எப்படித் தாங்கும்?"

கூட்டமும் ஆமாம் போட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியை இவர் தலையிலேயே போட்டிருப்பேன்.

இரண்டாவது பாட்டு எப்படி இருந்தது என்று தங்கை கேட்டு எழுதினாள். முதல் பாட்டைவிட நன்றாக இருந்தது என்று பதில் போட்டேன். அந்தக் கடிதத்தை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறாள். நான் போகும்போதெல்லாம் எடுத்து எனக்கே படித்துக் காட்டுகிறாள்.