வாங்க மறுத்த வான்கோழி

நகர மருத்துவமனையின் பரிந்துரைச் சீட்டு அவளைப் பற்றி இப்படிச் சொன்னது: "வெதூரியா முந்தெயானு. வயது அறுபத்தொன்று. இல்லத்தரசி. கணவரைச் சார்ந்தவர். அமைதியானவர், சொன்னபடி நடப்பவர். நோய் விவரம் குடும்பத்தாருக்குத் தெரிவிக்கப்பட்டது."

இதில் வயது மட்டும் சரி. ப்ரயீலா நகரத்துக் கப்பல் தளத்தில் இருபத்தேழு வருடம் கிரேன் ஓட்டியவள் அவள். எடை எழுதாத சுமையைத் தூக்க மாட்டேன் என்று மேலேயே உட்கார்ந்துகொண்டு மூன்று மேலாளர்களைக் கண்கலங்க வைத்திருக்கிறாள். அவள் சார்ந்திருப்பதாகச் சொல்லப்பட்ட கணவர் நிக்கனோரோ, சட்டைப் பொத்தான் அறுந்தால்கூட அதை இழவுச் செய்தி போல அவளிடம் வந்து சொல்பவர்.

ஆனால் நோய் விவரம் அவரிடம்தான் தெரிவிக்கப்பட்டது. எங்கள் பக்கத்தில் அதுதான் மரியாதை. அறுவை மருத்துவர் அவரை நடைக்கூடத்தின் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். நோய்க்குச் சொந்தக்காரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்த நிக்கனோர், ஒன்றுமில்லை, சின்னக் கட்டி, வரும் வியாழக்கிழமை எடுத்துவிடுவார்கள் என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவருடைய கோட்டுப் பையில் கையை விட்டு மருத்துவர் கொடுத்த அறிக்கையை எடுத்து அவளே படித்துக்கொண்டாள். மார்பகப் புற்றுநோய். வேகமாகப் பரவும் வகை. வழக்கமான மாத்திரைகளுக்கு மசியாது.

அன்று மாலையே நிக்கனோரின் அக்கா பரஸ்கீவா வீட்டில் வளர்த்த வான்கோழி ஒன்றை அறுத்துச் சுத்தம் செய்து மருத்துவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குடும்பத்துக்கு உயிர் வந்தது. மருத்துவர் வாங்கிக்கொண்டால் நோயாளியையும் கையில் எடுத்துக்கொண்டார் என்று பொருள். மறுத்தால் அதற்கும் ஒரு பொருள் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வெதூரியாவுக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. அறிக்கையின் அடியில் இன்னொரு கையெழுத்து இருந்தது: அவளுடைய சதையை நுண்ணோக்கியில் பார்த்தவருடையது. நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தானே என்று மறுநாள் மருத்துவமனையின் நிலவறைக்கு இறங்கிப் போனாள். அங்கே ஒத்தீலியா என்கிற ஒல்லியான மருத்துவர், உயிருள்ள மனிதரைக் கண்டு திடுக்கிட்டு எழுந்தார்.

"நோயாளிங்க இங்க வரக்கூடாதும்மா."

"என்னோட ஒரு துண்டு ஏற்கெனவே வந்துடுச்சே, டாக்டரம்மா. அதைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

ஒத்தீலியா சிரிக்காமலிருக்கப் பாடுபட்டார். வெதூரியா கேட்க வந்தது ஒரே கேள்வி.

"இது உங்க கூடப்பொறந்தவளுக்கு வந்திருந்தா யாருகிட்ட அனுப்புவீங்க?"

மேலே இருக்கிற மருத்துவர் நல்லவர் என்று ஒத்தீலியா முதலில் சொன்னார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"வெட்டறதுல கெட்டிக்காரர்தான். ஆனா இந்த வகைக்கு மொதல்ல மருந்து குடுத்துச் சுருக்கணும், அப்புறந்தான் கத்தி. நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்க."

தலைநகர் புக்கரெஸ்டில் மார்பகப் புற்றுநோய் மட்டுமே பார்க்கும் ஒரு பெண் மருத்துவரின் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். ஆறு வாரம் காத்திருக்க வேண்டிய இடம் அது. அவரே தொலைபேசியில் பேசி செவ்வாய்க்கிழமைக்கு இடம் வாங்கினார். வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் மிச்சம் இருக்கும்.

செவ்வாயன்று வெதூரியா, நிக்கனோர், பரஸ்கீவா மூவரும் ரயிலேறினார்கள். கூடவே, பனிக்கட்டிப் பெட்டியில், இரண்டாவது வான்கோழி. ஒத்தீலியா எழுதிக் கொடுத்த அந்தப் பெண் மருத்துவர் இலீங்கா ஓட்டக்காரர்களின் காலணி போட்டிருந்தது பரஸ்கீவாவுக்கு முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை. நாளை சோதனைகள், வெள்ளிக்கிழமை முதல் மருந்து, ஐந்து மாதம் கழித்து அறுவை என்று இலீங்கா வெதூரியாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார். நிக்கனோருக்குத் தான் அறையில் இல்லாதது போல இருந்தது. பேசி முடித்ததும் பரஸ்கீவா பெட்டியை மேசைமேல் வைத்தாள். இலீங்கா அதை ஒரு விரலால் திருப்பித் தள்ளினார்.

"எடுத்துட்டுப் போங்க. நான் வாங்கறதில்ல."

நடைக்கூடத்துக்கு வந்ததும் நிக்கனோர் உட்கார இடம் தேடினார். பரஸ்கீவா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கையால தொடக்கூட இல்ல பாரு. போகப்போறவகிட்ட வாங்கி என்ன பண்றதுன்னு நெனச்சுட்டா."

"வீட்டுக்குப் போயிடலாம், வெதூரியா," என்றார் நிக்கனோர். "நாளன்னிக்கு நம்ம டாக்டர் இருக்கார். அவர் வாங்கிக்கிட்டார்ல?"

வெதூரியாவும் ப்ரயீலாக்காரிதான். வாங்க மறுத்த மருத்துவரை அறுபத்தொரு வருடத்தில் அவள் கண்டதில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

"நேராவே கேக்கறேன், டாக்டரம்மா. நான் செத்துடுவேன்னுதான் இதை வாங்கலையா?"

இலீங்கா பேனாவை வைத்தார். "நீங்க பொழைச்சாலும் வாங்க மாட்டேன்."

"பொழைப்பேனா?"

"தெரியாது. நெறையப் பேருக்கு இந்த மருந்து கேக்குது, எல்லாருக்கும் இல்ல. உங்களுக்குக் கேக்குதான்னு ரெண்டு மாசத்துல சொல்றேன். மொதல்லயே வெட்டிக்கிட்டா அது தெரியாமலே போயிடும்."

ஒரு மருத்துவர் வாயிலிருந்து 'தெரியாது' என்று அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. வான்கோழியை வாங்கிக்கொண்ட ஊர் மருத்துவருக்கோ எல்லாமே தெரியும். இவர்மேல் நம்பிக்கை வந்தது ஏனென்று அவளாலேயே சொல்ல முடியவில்லை, ஆனால் வந்துவிட்டது.

வெளியே வந்து, உன் அக்காவும் நீயும் ரயிலைப் பிடியுங்கள், நான் இங்கேயே தங்கப்போகிறேன் என்றாள். நிக்கனோர் பதறிப்போனார்.

"நம்ம டாக்டர்கிட்ட நான் என்ன சொல்றது? வான்கோழிய வாங்கிட்டாரே."

"நல்லா வெந்துச்சான்னு கேளு."

புதன்கிழமை காலை, வியாழக்கிழமை அறுவைக்கு வரமாட்டேன் என்று நகர மருத்துவமனைக்குத் தொலைபேசியில் தானே சொன்னாள். வெள்ளிக்கிழமை முதல் மருந்தை ஏற்றிக்கொண்டாள். மீதி ஏழு தவணைக்கும் ப்ரயீலாவிலிருந்து தனியாக ரயிலில் போய்வந்தாள். ஜூன் மாதம் இலீங்காவின் மருத்துவமனையிலேயே அறுவை செய்துகொண்டாள்.