மூன்று போத்தல் மழைத்தண்ணீர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பல்கலைக்கழகத்தில் நிலவியல் படிக்கப் போன பிறகு இன்னும் நீண்டுவிட்டது. விடுமுறைக்கு எஸ்டேட்டுக்கு வந்திருந்தேன். மழை பெய்தால் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் குழாயில் பால் ஊற்றிய தேநீரைப் போலத் தண்ணீர் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையின் பழுப்பேறிய பள்ளிச் சட்டையைத் தூக்கிக் காட்டி, "எல்லாம் மேல கோபிஸ் போடுறானுங்களே, அவனுங்க வேலதான் லா," என்றாள். மேட்டு முட்டைக்கோஸ் தோட்டக்காரர்கள்தான் காரணம் என்று லயமே சொன்னது.

"சும்மா பேசிக்கிட்டிருந்தா ஆகுமா? நான் நிரூபிச்சிக் காட்டுறேன், அப்புறம் மேனேஜர்கிட்ட போலாம்," என்றேன். கேட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கு முகமெல்லாம் பெருமை.

எங்கள் குழாய்க்குத் தண்ணீர் விடும் தொட்டிக்கு மூன்று ஓடைகள் வருகின்றன. அடுத்த மழையில் மூன்றிலும் ஒவ்வொரு போத்தல் பிடித்தேன். தேயிலைச் சரிவு ஒன்று, கோபிஸ் தோட்டம் ஒன்று. லயத்துக்குப் பின்னால் வரும் சின்ன ஓடையில் கணக்குக்காகத்தான் பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் லயத்து ஆட்களைக் கூட்டி, மேசை போட்டு, போத்தல்களைக் குலுக்கி வைத்துவிட்டுப் பாடம் நடத்தினேன். "கருங்கல்லு மழையில ஊறி ஊறி இத்துப்போகும். கொஞ்சம் மணலாகும், மிச்சம் களிமண்ணாகும். மேல செடி புடிச்சிருந்தா அங்கயே கெடக்கும். வெட்டிவிட்டா தண்ணியோட எறங்கி வந்துடும்."

பேசி முடிப்பதற்குள் தேயிலைத் தண்ணீர் தெளிந்தது. கோபிஸ் தண்ணீரும் தெளிந்தது. "அவனுங்க கீழ குளம் வெட்டிட்டானுங்க, மண்ணு அதுலயே நின்னுடுது," என்றார் லோரி ஓட்டும் அண்ணன். மூன்றாவது போத்தலில் மட்டும் அடியில் விரல் கனத்துக்கு மணல் படிந்திருந்தது. அதற்கு மேலே செம்மண் கலங்கல் அப்படியே நின்றது.

அந்த ஓடைக்கு மேலே இருப்பது ஒரே ஒரு தோட்டம். எஸ்டேட் வேலை முடிந்து வந்த நேரங்களில் அப்பா காட்டை வெட்டிப் போட்ட இஞ்சித் தோட்டம். எனக்கு எப்படி அது தோன்றாமல் போனது? படித்த மண்டை அடுத்தவன் மலையை மட்டுமே பார்த்திருக்கிறது.

எனக்குக் காது சுட்டது. அப்பாதான் எழுந்தார். "நம்ம இஞ்சிக் காடுதான்," என்றார். அக்கா உடனே, "விடுங்க மாமா, மழைய என்ன பண்றது," என்றாள். நான் போத்தல்களைப் பைக்குள் திணித்தேன். அப்பா எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாளே அவர் சரிவில் பள்ளம் வெட்டி, புல்லும் நட்டார். புல் வேர் பிடிப்பதற்குள் மழை வந்தது. குழாயில் மறுபடி கலங்கல். சற்று நேரத்தில் அக்கா கதவைத் தட்டினாள். கையில் ஒரு வாளி நல்ல தண்ணீர். வேறு தொட்டித் தண்ணீர் வரும் மேல் லயத்திலிருந்து சுமந்து வந்திருக்கிறாள், பாவாடையெல்லாம் நனைந்திருந்தது.

"மாமாவுக்குக் காப்பி போட்டுக் குடு. நம்ம கொழாய் கலங்கிக் கெடக்கு," என்றாள்.

நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம் அவள். நான் வாளியை வாங்கிக்கொண்டேன், முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்று முழுக்க அவர் காப்பி கேட்கவில்லை. நானும் போடவில்லை.