வேண்டாம் என்று சொல்லத் தெரியாதது

இது நடந்தது. நடக்கவே இல்லை என்று யாராவது எனக்கு நிரூபித்துக் காட்டினால் அவர் காலில் விழத் தயாராக இருக்கிறேன். தேதியும் நேரமும் என் டைரியில் இருக்கின்றன. உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. பயத்தைவிட மோசமான ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை இறக்கி வைக்க எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

என் பெயர் அகஸ்டின். சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவே ஒரு பட்டாசுக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் போர்மேனாக இருந்தேன். தனியாள். வீடு திருத்தங்கலில். புத்தகம்தான் துணை. நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாலும் எனக்கு அது குறையாகத் தெரியாது.

போர்மேன் வேலை என்னவென்று வெளியாட்களுக்குத் தெரியாது. வெடிமருந்து கலப்பதற்கு ஆள் உண்டு. குழாயில் அடைப்பதற்கு ஆள் உண்டு. போர்மேன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் வேண்டாம். வெயில் ஏறிய பிறகு கலவை வேண்டாம். நேற்று மிஞ்சிய மருந்தை இன்று தொட வேண்டாம். முதலாளி ஆர்டர், லோடு, சீசன் என்று குதிப்பார். அப்போதும் வேண்டாம்.

அங்கே வேலை செய்த பெண்கள் எனக்கு வைத்திருந்த பெயரே 'வேண்டாஞ்சாரு'.

"கலியாணத்தையும் இப்பிடித்தான் வேண்டாம்னுட்டீகளாக்கும்?" என்று மாடத்தி கேட்பாள். எட்டாம் நம்பர் ரூமில் மருந்து அடைப்பவள். அவள் கேட்டால் எங்களை ஏற்றிப்போகும் கம்பெனி வேன் மொத்தமும் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

போன வருஷம் மே மாதம் என் தங்கை பியூலா குவைத்திலிருந்து லீவில் வந்தாள். அங்கே நர்ஸ். எகிப்துக்காரப் பெரியவர் ஒருவரை அவர் வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொண்டவள். அவர் சாவதற்கு முன்னால் ஒரு பொம்மையை அவள் கையில் கொடுத்திருக்கிறார். அவருக்கு அதைக் கொடுத்தது ஒரு ரயில் டிரைவராம். ரயில் டிரைவருக்குக் கொடுத்தது ஒரு கேட் கீப்பராம்.

ஒரு சாண் நீளம். பச்சையும் நீலமும் கலந்த நிறம், கண்ணாடி மாதிரி மினுக்கு. துணி சுற்றிய பிணம் போன்ற உடம்பு. மார்பில் குறுக்காக மடக்கிய கைகள். ஒவ்வொரு கையிலும் ஒரு மண்வெட்டி. கீழே வரிசையாகச் சித்திர எழுத்து.

"ஒனக்குத்தான் அண்ணே. வேலைக்குப் போக முடியலன்னா இது பாத்துக்கிடும்."

"எது, இந்தப் பொம்மையா?"

"வாங்கிக்கிறியா, இல்லையா?"

"சரி, குடு."

நான் 'சரி' என்றதும் பியூலா பெரிதாக மூச்சு விட்டாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். இரண்டு முறை.

விருதுநகர் நூலகத்தில் ஒரு புத்தகத்தில் இதே மாதிரிப் படம் பார்த்தேன். பழங்கால எகிப்தில் செத்தவர்களோடு புதைக்கும் ஏவலாள் பொம்மை. மறு உலகத்தில் செத்தவனை வயல் வேலைக்குப் பேர் சொல்லிக் கூப்பிட்டால், அவனுக்குப் பதிலாக இது எழுந்து 'இதோ இருக்கிறேன்' என்று போகுமாம். நல்ல கற்பனை என்று நினைத்துப் புத்தகத்தை மூடினேன். பொம்மையை ஜன்னலில் வைத்தேன்.

ஆகஸ்ட் 7. காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. போன் பண்ணிச் சொல்லக்கூடத் தெம்பில்லை. காலை 6.15க்குக் கம்பெனி வேன் வாசலில் ஹாரன் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். வேன் கதவு திறக்கிற சத்தம்... சாத்துகிற சத்தம். போய்விட்டது.

மறுநாள் வேலைக்குப் போனேன். வருகைப் பதிவேட்டில் முந்தின நாளுக்கு என் கையெழுத்து இருந்தது. என் கையெழுத்தேதான். 'அ'வின் சுழி வரைக்கும்.

"நேத்து என்ன அண்ணாச்சி, ஊமைச்சாமி மாதிரி இருந்தீக?" என்றாள் மாடத்தி. "சோறும் திங்கல. வெயில்ல அம்புட்டு நேரம் நிக்கீக, ஒரு சொட்டு வேர்வை இல்ல. என்ன கேட்டாலும் சரி, சரி. இவரு நம்ம வேண்டாஞ்சாரு இல்ல, இவரோட தம்பின்னு பேசிக்கிட்டோம்."

எல்லாரும் சிரித்தார்கள். அன்று நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பொம்மையைப் பார்த்தேன். வைத்தது வைத்தபடி இருந்தது. பாதத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்தேன். விரல் வெள்ளியாக மின்னியது.

அலுமினியப் பவுடர். பட்டாசு மருந்தில் கலப்பது.

நான் வெட்கப்பட வேண்டியது இங்கேதான் ஆரம்பிக்கிறது. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே அதைக் கிணற்றில் போட்டிருப்பார்கள். நான் ஒரு வாரம் யோசித்தேன். ஆகஸ்ட் 16 காலை ஹாரன் அடித்தபோது, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேண்டுமென்றே படுத்திருந்தேன்.

வேன் கதவு திறந்தது. மூடியது.

எழுந்து காப்பி போட்டு, ஒரு புத்தகத்தை விரித்தேன். கூரையில் அணில் ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது. அப்படி ஒரு காலை அதற்கு முன் என் வாழ்க்கையில் இருந்ததில்லை.

அப்புறம் பழகிவிட்டது. வாரத்துக்கு ஒரு நாள். பிறகு இரண்டு.

ஒரு நாள் மட்டும் மனசு அரித்தது. காலை 10.20க்கு வீட்டிலிருந்தே கம்பெனி ஆபீசுக்குப் போன் போட்டேன். குரலை மாற்றிக்கொண்டு, போர்மேன் அகஸ்டினோடு பேச வேண்டும் என்றேன். "இருங்க, கூப்பிடுறேன்" என்றார்கள். காத்திருந்தேன். தூரத்திலிருந்து செருப்பைத் தேய்த்துத் தேய்த்து யாரோ நடந்து வந்தார்கள். அது என் நடை. போன் கை மாறியது.

"யாரு?" என்றேன்.

மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை.

"யாருங்க பேசுறது?"

"சரி."

என் குரல்.

போனை வைத்துவிட்டேன். அன்று முழுக்கப் போன் பக்கமே போகவில்லை. ஆனாலும் அடுத்த வாரம் நான் வீட்டில்தான் இருந்தேன்.

செப்டம்பர் 20, சாயங்காலம். வேனில் ஏறப்போன மாடத்தி என் பக்கம் ஒதுங்கி வந்தாள். முகத்தில் கேலி இல்லை.

"அண்ணாச்சி, வடக்க போற லோடு நாளைக்கு ஏத்தணுமாம். எட்டாம் நம்பர்ல எட்டுப் பேரைப் போட்டு அடைக்கச் சொல்லியிருக்காரு மொதலாளி. நீங்க இருந்து வேண்டாம்னு சொல்லிருங்க. ஒங்க சொல்லைத்தான் அவரு கேப்பாரு."

"நான்தான் தெனமும் இருக்கேனே."

அவள் என்னையே பார்த்தாள்.

"சில நாளு இருக்க மாட்டீக, அண்ணாச்சி," என்றாள் மெதுவாக. "எங்களுக்குத் தெரியும். நாளைக்கு நீங்க வாங்க."

"வாரேன்," என்றேன்.

செப்டம்பர் 21. விடியும்போது தூறல். கையிலிருந்த நாவலில் அறுபது பக்கம் பாக்கி. 6.15க்கு ஹாரன். நான் எழுந்து உட்கார்ந்தேன். வேலைக்குப் போடும் நீலச் சட்டையைக்கூட எடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். அதற்குள் வேன் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. எனக்கு முன்னால் ஏறியாகிவிட்டது. இனி ஓடிப்போய் என்ன செய்ய என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சட்டையை மடித்து வைத்தேன்.

பகல் 11.52. முதலில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அப்புறம் சத்தம். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது என்ன சத்தம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் திசை என்றும்.

படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் ஏழெட்டு வரி மிச்சமிருந்தது. அதைப் படித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பைக்கில் போய்ச் சேர்ந்தபோது 12.20. கேட்டில் கூட்டம். கந்தக நெடி தொண்டையை அறுத்தது. வாட்ச்மேன் என்னைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனார்.

"சார்... நீங்க எப்ப வெளிய வந்தீக? இப்பத்தான ஒங்கள அங்கன பாத்தேன்."

அவர் கை காட்டிய பக்கம் பார்த்தேன்.

எட்டாம் நம்பர் ரூம் இருந்த இடத்தில் தரை மட்டும் இருந்தது. அதற்கு இந்தப் பக்கம், வேப்பமரத்தடியில், ஒரு ஆள் நின்றான். முதுகு தெரிந்தது.

காலையில் நான் மடித்து வைத்த அதே நீலச் சட்டை.

சுற்றிலும் ஆட்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். அவன் அசையவில்லை. கைகளை மார்பில் குறுக்காக மடக்கியிருந்தான்.

சாம்பல் பெய்துகொண்டிருந்தது...

அவன் மேல் ஒரு துகள்கூட இல்லை.

அவன் தலை என் பக்கம் திரும்பியது.

மெதுவாக...

நான் பார்க்கவில்லை. ஓடிவிட்டேன்.

மாடத்தி செத்துவிட்டாள். ஐந்து பேருக்குத் தீக்காயம். அந்த நேரம் வெளியே போயிருந்த இரண்டு பேர் தப்பினார்கள். பிழைத்த பெண் ஒருத்தி சொன்னதை மறுநாள் பேப்பரில் போட்டிருந்தார்கள். "எட்டுப் பேர் வேண்டாம்னு சொல்லுங்க சார்னு மாடத்தி கெஞ்சினா. போர்மேன் 'சரி'ன்னாரு. மொதலாளி எட்டுப் பேரையும் போகச் சொன்னாரு. அதுக்கும் 'சரி'ன்னாரு."

வெடித்த அன்றைக்கே சாயங்காலம் 5.40க்குப் போலீஸ் வந்தது. நான் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டு நின்றேன்.

"யாருய்யா அகஸ்டின்? வெளிய வா. ஜீப்புல ஏறணும்."

மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

முன்கதவு திறந்தது.

நான் திறக்கவில்லை...

"சரி," என்றது என் குரல்.

ஜீப் கிளம்பியது.

ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. எனக்குப் பதிலாக அது பத்தொன்பது நாள் ஜெயிலில் இருந்தது. பத்தொன்பது நாளும் நான் விளக்குப் போடாமல் வீட்டுக்குள் இருந்தேன். பொம்மை ஜன்னலில்தான் இருந்தது, முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு. அதை யார் திருப்பி வைத்தது என்று தெரியாது. நான் தொடவில்லை. புத்தகங்களையும் தொடவில்லை.

ஏழாம் நாள் பியூலாவுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே! ஜெயில்லருந்தா பேசுற?"

"இல்ல. வீட்டுலருந்து."

அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பியூலா, ஒனக்கு என்ன நடந்துச்சு?"

"ஒரே ஒரு நைட் டியூட்டி அண்ணே. தூக்கமா இருந்துச்சு, போகாம இருந்துட்டேன். அதுக்கு மேல கேக்காத."

இருவரும் போனை வைக்கவில்லை. இருபத்து மூன்று நிமிஷம் அப்படியே இருந்தோம்.

இருபதாம் நாள் கதவிடுக்கில் விழுந்த பேப்பரில் எனக்கும் முதலாளிக்கும் ஜாமீன் கிடைத்த செய்தி இருந்தது. நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தேன். பொம்மை இல்லை.

இரண்டு நாள் கழித்து மாடத்தி வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். வழியெல்லாம் வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டே போனேன். அவள் புருஷன் தங்கச்சாமி என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எதுக்கு சார் மறுபடியும்? முந்தாநாத்துத்தான் வந்து ஒரு மணி நேரம் கால்ல விழுந்து கெடந்தீகளே. போதும். எந்திரிச்சுப் போங்கன்னு சொல்லக்கூட எங்களுக்கு மனசு வரல."

முந்தாநாள் நான் வாசல் தாண்டவில்லை.

அவர் மகள் முருகேஸ்வரி உள்ளேயிருந்து வந்தாள். இருபத்திரண்டு வயது. அம்மாவின் அதே நெற்றி.

"நீங்க குடுத்த பொம்மை பத்திரமா இருக்கு சார். வாயத் தொறக்காம ரெண்டு கையாலயும் நீட்டுனீக. எப்பிடி மறுக்க? சரின்னு வாங்கிக்கிட்டேன்."

அதைத் தொடாதே, தூக்கிப் போடு என்ற வாக்கியம் என் நாக்கில் இருந்தது. அப்போது ஒரு நினைப்பு வந்தது. அவள் அதை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டால்?

ஒரு நொடிதான். வாயை மூடிக்கொண்டேன். அவள் தந்த வரக்காப்பியைக் குடித்தேன். போயிட்டு வாரேன் என்று எழுந்துவிட்டேன்.

தை மாதம் வேறொரு முதலாளி அந்தக் கம்பெனியை எடுத்துத் திறந்தார். பிப்ரவரி 9 அன்று சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் தங்கச்சாமியைப் பார்த்தேன். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"எப்பிடி இருக்கா? பொங்கல் கழிஞ்சதுலருந்து வாசப்படி தாண்டல. செவரப் பாத்துப் படுத்தே கெடக்கா. என்ன நோவுன்னு டாக்டருக்கும் தெரியல. வேலைக்கா? அந்தக் கம்பெனிப் பக்கமே அவளை அனுப்ப மாட்டேன் சார்."

மூன்று நாள் கழித்து, டீக்கடையில், பழைய வேன் டிரைவர் காசிராஜன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நான் எதுவும் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

"மாடத்தி மக முருகேஸ்வரி இருக்கால்ல, நல்ல வேலைக்காரி சார். கம்பெனி தொறந்த நாள்லருந்து ஒரு நாள் லீவு போடல. வேன்ல ஏறுனா பேச்சுங்கிறதே கெடையாது. புது போர்மேன் எது சொன்னாலும் மறுக்காதாம். அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

"எங்கன போட்டிருக்காக?"

"மருந்து அடைக்கிற எடத்துலதான். கூட மூணு பொம்பளைக."

பெயர்களைச் சொன்னான். மூன்று பேரையும் எனக்குத் தெரியும். ஒருத்தி பக்கத்துத் தெரு. பெயர் அருணாதேவி. இரண்டு பிள்ளைகள்.

இதை எழுதும்போது மணி காலை 6.05. சாப்பாட்டுத் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அருணாதேவி வேன் ஏற என் ஜன்னலைத் தாண்டிப் போகிறாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.