ஷூவுக்குள் போன கடைசிப் பங்கு

ஃபோன் வந்ததும் மாத நாவல் செத்துப்போயிற்று என்று பேசுகிறவர்கள் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குள் வந்து பார்த்ததில்லை. எங்கள் ஃபோனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம்தான் திரும்பக் கிடைக்கும். அதனால் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும் அந்த மட்டக் காகித நாவல், அட்டையில் கண்ணை உருட்டும் பெண்ணோடு, எங்கள் சாப்பாட்டுப் பையில் உள்ளே வந்துகொண்டுதான் இருந்தது. கொலை, கள்ளக்காதல், மாமியார் கொடுமை, எதுவானாலும் சரி. படித்தவர்கள் அதைக் குப்பை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பசை நாற்றத்தில் நாள் முழுக்க நின்று பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம். மாதம் ஒருத்தி நாவல் வாங்குவாள். வாங்கியதும் முதுகைப் பிரித்து நாலு பங்காகக் கிழித்துவிடுவோம். முழுப் புத்தகம் ஏப்ரனுக்குள் புடைத்துக்கொண்டு தெரியும், பங்கு தெரியாது. ஒரே நாளில் நாலு பேர் படிக்கவும் முடியும். கொலைகாரனை முதலில் தெரிந்துகொண்டு, செத்தவன் யாரென்று மறுநாள் படித்ததும் உண்டு. பங்குகள் தொலையாமல் திரும்பி வர, வாங்கியவள் ஒவ்வொன்றின் தலையிலும் தன் டோக்கன் நம்பரை எழுதிவிடுவாள்.

அந்த மாதம் வாங்கியது குடியாத்தத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் ஓர் அக்கா. புருஷன் இல்லை. மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். அக்காவுக்கு வேலை போனால் மகளின் படிப்பும் போய்விடும் என்பது லைனில் எல்லோருக்கும் தெரியும்.

கடைசிப் பங்கு என்னிடம் இருந்தது. முடிந்த ஷூவின் நுனிக்குள் காகிதம் திணித்துப் பெட்டிக்கு அனுப்புவது அக்காவுக்கும் எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் வேலை. டீ நேரம் முடிந்தும் இரண்டு பக்கம் மிச்சம். மேஜைக்கடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் வந்துவிட்டார். பழகிய கை, பங்கைக் கசக்கிக் கையிலிருந்த ஷூவுக்குள் திணித்துவிட்டது. அவர் நகரவே இல்லை. என் கண்ணெதிரே ஷூ பெட்டிக்குள் போயிற்று, பெட்டி அடுக்கோடு போயிற்று. அப்போதே சொல்லியிருந்தால் திட்டோடு முடிந்திருக்கும். கப்பல் ஏறிவிடும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள், சரக்கு வாங்குகிறவர்கள் அனுப்பிய ஆள் வந்து சோதித்தபோது அந்தப் பெட்டியும் திறக்கப்பட்டது. மானேஜர் காகிதத்தோடு லைனுக்கே வந்து அக்காவைக் கூப்பிட்டார்.

"இது உன் நம்பர்தானே?"

"என்னுதுதான் சார். ஆனா ஷூவுல நான் வைக்கல சார்."

"அப்போ இன்னா, பேய் வந்து வெச்சுதா?"

அக்கா எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். கடைசிப் பங்கு யாரிடம் இருந்தது என்பது அவளுக்கும் தெரியும், லைனுக்கும் தெரியும். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. நான்தான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் இரண்டு பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டு, குனிந்து அடுத்த ஷூவுக்குக் காகிதம் திணித்தேன். அன்று சாயங்காலமே அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, தப்பித்தோம் என்று நிம்மதியாகவும் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழிக்காத புது நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டு குடியாத்தம் போனேன். காலேஜை விட்டுவிட்டுத் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போக ஆரம்பித்திருந்த மகள், வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அக்கா உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். நாவலைத் தொடவில்லை.

"நாளைக்கே மானேஜர்கிட்ட சொல்லிடுறேங்கா" என்றேன்.

"அவன்கிட்ட சொல்லி இனிமே இன்னா ஆவப் போவுது? வெளிய அவ இருக்கா பாரு. அவகிட்ட சொல்லிட்டுப் போ."

வெளியே வந்தேன். அந்தப் பெண் சோப்புக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"எங்கம்மாவ பாக்க கம்பெனியிலேர்ந்து நீங்க ஒருத்தர்தான் ஆன்ட்டி வந்தீங்க" என்றாள்.

அவளிடமும் நான் சொல்லவில்லை.