அவர் என்றால் பஸ் அல்ல

பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் நான் மீடியா படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. கடைசி வருடம் எங்களுக்குக் கொடுத்த வேலை, ஒரு மாக்குமெண்டரியின் தொடக்கக் காட்சி. அதாவது பொய்யான ஒரு விஷயத்தை நிஜ டாக்குமெண்டரி மாதிரியே, சிரிக்காமல் சொல்லும் கிண்டல் படம். கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, தமிழ் பேசும் எங்கள் ஊர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த பஸ் கொரோனாவில் நின்றதுதான், திரும்ப வரவேயில்லை. அந்தப் பஸ்ஸை அழிந்துபோன காட்டு மிருகமாக வைத்துப் படம் எடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். டயர் தடத்தை டேப் வைத்து அளப்பது, காய்ந்த ஆயில் கறையைக் குனிந்து முகர்வது என்று யோசித்து யோசித்துச் சிரித்தோம். குழுவில் மற்றவர்கள் எல்லாரும் மலையாளிகள். தமிழ் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நேரில் பார்த்த சாட்சி ஒருவர் வேண்டியிருந்தது. பக்கத்து ஊரில் மாடு வைத்துப் பால் ஊற்றும் ஒரு அக்காவைப் பிடித்தேன். அவர் கணவருக்குப் பாலக்காட்டில் மரக்கடையில் வேலை. பஸ் இருந்தவரை தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார். அது நின்ற பிறகு கடையிலேயே படுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறார். பஸ்ஸைப் பற்றிப் படம் என்றதும் அக்கா உள்ளே போய் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இதப் பாத்தா மறுக்கா பஸ் உடுவாங்களா கண்ணு?"

பார்க்கலாம் அக்கா என்று சொல்லிவைத்தேன். கிண்டல் படம் என்று சொன்னால் பேசமாட்டாரே என்ற பயம்.

கேமரா ஓடியதும் அக்காவின் பேச்சில் மரியாதை கூடிவிட்டது. "சாயந்தரமானா வந்துருவாருங்க. முக்குல திரும்பறப்பவே எனக்குத் தெரிஞ்சுபோயிருமுங்க. இப்ப அவரு வர்றதே இல்லீங்க. வாசலையே பாத்துட்டு உக்காந்திருப்பனுங்க."

புருஷன் பெயரைச் சொல்லாத வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. 'அவரு' என்றால் யார் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் எடிட்டிங்கில் முதலில் பஸ்ஸின் படத்தை வைத்து, அடுத்ததாக அக்காவை வைத்தேன். கீழே மலையாளத்தில் எழுத்துப் போட்டபோது, 'அவரு' வந்த இடத்திலெல்லாம் 'பஸ்' என்று போட்டேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. செய்தது தெரிந்திருக்கவும் யாருக்கும் வழியில்லை.

வகுப்பில் போட்டுக் காட்டியபோது சிரிப்பு அடங்கவே நேரமானது. 'வாசலையே பாத்துட்டு' என்ற இடத்தில் பின்வரிசையில் ஒருவன் பெஞ்சைத் தட்டினான். எனக்கோ பெருமையில் தலைகால் புரியவில்லை.

அக்கா படத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். தட்டிக்கழிக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் காட்டினேன். அவருக்கு மலையாளம் படிக்கத் தெரியும் என்பது என் புத்திக்கு எட்டவேயில்லை. மறுபடி போடச் சொல்லி இன்னொரு தடவை பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நான் அவருன்னது எங்கூட்டுக்காரர கண்ணு. நீ பஸ்ஸுன்னு நெனச்சுட்டயாட்ட இருக்குது. பேரச் சொல்லாம உட்டது என்ற தப்புதான்."

அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஆமாங்க்கா, தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்" என்றேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

"இன்னொருக்கா எடு கண்ணு. இந்த வாட்டி பேரச் சொல்லிப்போடறேன். பஸ்ஸு வந்தாச் சரி."

வேறு வழியில்லாமல் போனை நீட்டிப் பிடித்தேன். கணவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையை வாய்வரை கொண்டுபோய், பிறகு அதைக் கீழே விட்டுவிட்டு அவர் பெயரைச் சொன்னார். கல்யாணமாகி முதல்முறையாகச் சொல்கிறாராம். கூச்சத்தில் சிரித்தார். நான் தலை நிமிராமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் இன்னும் வரவில்லை. வழியில் பார்க்கும்போதெல்லாம், "அந்தப் படம் மேல ஆபீசுக்குப் போயிருச்சா கண்ணு?" என்று அக்கா கேட்கிறார், போயிருச்சுங்க்கா என்கிறேன். என் தப்பைத் தன் தப்பாக எடுத்துக்கொண்டு அவர் சொன்ன அந்தப் பெயர், யாருக்கும் அனுப்பாமல் என் போனிலேயே கிடக்கிறது. அதை அழிக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.